ஆறு மடிப்பு

ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் கேபின்காரர். தண்டவாளங்கள் பின்னிக் கிடக்கிற ஒரு யார்டின் ஓரத்தில், மாடியில் இருந்த கேபின் என்கிற கண்ணாடி அறையில் நின்றுகொண்டு, இடுப்புயர லீவர்களை இழுத்து சிக்னல்களை ஏற்றி இறக்குவதுதான் அவர் பார்த்த வேலை. இழுத்து இழுத்து வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்துவிட்டது. சட்டை தைக்கிறவர் மட்டும்தான் அதைக் கண்டுபிடித்தார். மற்றவர்கள், மனிதர் எப்போதும் எதையோ சாய்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் அவர் ஒரு யார்டைக் கட்டியிருந்தார். அவர் வேலை பார்த்த அதே யார்டு, அறுபத்துநாலில் ஒரு பங்கு அளவில். கூடத்துச் சுவரை ஒட்டி நெஞ்சுயரப் பலகைமேல் புறப்படும் தண்டவாளம், சுவரில் ஒரு துளை வழியாகப் படுக்கையறைக்குள் நுழைந்து, மனைவியின் கட்டிலுக்கு மேலே இடது பக்கம் வளைந்து, அலமாரிக்குப் பக்கத்தில் முடியும். சுவரில் துளை போட்ட அன்றிலிருந்து மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், “என்னங்க, எல்லாரும் ரயில்ல ஏறிப் படுப்பாங்க. எனக்குத்தான் ரயிலுக்குக் கீழ படுக்கணும்னு விதி” என்றாள். அதோடு சமாதானம் ஆகிவிட்டது.

அந்த அறுபத்துநாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொம்மை ரயில் கட்டுகிற பெரிய மனிதர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை கூடித் தேநீர் குடித்துவிட்டு ஒருவர் ரயிலை ஒருவர் குறை சொல்வது அவர்கள் வழக்கம். அவர்கள் எல்லோருமே எண்பத்தேழில் ஒரு பங்கு என்கிற அளவில் கட்டுபவர்கள். உலகம் முழுக்க அதுதான் நடப்பில் இருக்கிறது. கடையில் போனால் எஞ்சின், பெட்டி, மரம், விளக்குக் கம்பம், மாடு வரைக்கும் டப்பாவில் கிடைக்கும். அறுபத்துநாலுக்கு ஒன்றும் கிடைக்காது. ஓர் ஆணி வேண்டுமென்றால்கூட நாமே ராவிக்கொள்ள வேண்டும். “உங்களுக்கு ஏன்யா இந்த வேண்டாத வேலை?” என்று கேட்டார்கள். கேபின்காரருக்கு வகுத்தல் கணக்கு வராது. கால்குலேட்டரில் போட்டால் புள்ளிக்கு அப்புறம் எட்டு எண் வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஆனால் ஒரு நூலை எடுத்து இரண்டாக மடித்து, அதை இரண்டாக மடித்து, இப்படி ஆறு தடவை மடித்தால் அறுபத்துநாலில் ஒரு பங்கு கையில் வந்துவிடும். நூல் பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. நிஜமான யார்டில் ஒவ்வொன்றையும் நூல் பிடித்து அளந்து, அந்த நூல்களைச் சுருட்டி, துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டி, மூன்று பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார்.

கை வேலை அவருக்குச் சின்ன வயதிலேயே வரும். அக்காவின் பொம்மைக்குக் கை உடைந்தபோது தீக்குச்சியில் ஒரு கை செய்து ஒட்டினவர்தான். அக்கா அவரைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் அழுதால் இவருக்குப் பொறுக்காது.

யார்டில் எல்லாம் இருந்தன. கேபின், எஞ்சின் கொட்டகை, நிலக்கரி மேடு, மதகு, தண்ணீர்த் தொட்டி, கம்பத்தில் கை நீட்டி நிற்கும் கை சிக்னல், ஓரத்து நடைபாதை வரைக்கும். மனிதர்கள் மட்டும் இல்லை. ஒரு போர்ட்டர் கிடையாது, ஒரு கொடி பிடிப்பவர் கிடையாது. கூட்டத்து ஆட்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, சுடுகாடு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த யார்டில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஏழு பேர் செத்தார்கள். அங்கே யாரையும் கொண்டுபோய் நிறுத்த அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அது நடந்து முப்பத்துமூன்று வருஷம் ஆகிறது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம். யார்டுக்குள் ஒரு சரக்கு ரயில் குறுக்கே நின்றது. அது நகரும்வரை வெளியிலிருந்து வருகிற வண்டியைத் தடுக்க, கேபின்காரர் கை சிக்னலைச் சிவப்பில் வைத்திருந்தார். வந்த பயணிகள் வண்டி நிற்கவில்லை, சரக்கு ரயிலில் மோதிக் கவிழ்ந்தது. வண்டியை ஓட்டிவந்தவர் வேறு யாரும் இல்லை, அக்காவின் கணவர், அத்தான்தான். கடைசி நொடியில் பிரேக் போட்டதாகச் சொன்னார்கள். நிலக்கரி மேட்டருகே வேலை செய்த நாலு பேர், வண்டியில் முதல் பெட்டியில் இருந்த இரண்டு பேர், தண்ணீர்த் தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஆள், ஆக ஏழு. அத்தானுக்கு இடது காலில் ஒரு விரல் போனது.

விசாரணையில் அத்தான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். சிக்னல் கண்ணில் படவில்லை. வளைவில் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிட்டது. தொட்டியைத் தாண்டிய பிறகுதான் சிவப்பு தெரிந்தது. அதற்குள் மதகு கடந்துவிட்டது. மதகுக்கு முன்னால் பிரேக் போட்டால்தான் வண்டி சிக்னலுக்குள் நிற்கும், மதகைத் தாண்டிவிட்டால் எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியாது. அப்புறம் கேபின்காரரைக் கூப்பிட்டார்கள்.

“மதகுக்கு முன்னாடி, வளைவுலேருந்து பாத்தா சிக்னல் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

பொய்யில்லை. தினம் வேலைக்கு அந்த வளைவு வழியாகத்தான் நடந்து வருவார். ஓரத்து நடைபாதையில் நின்று பார்த்தால் தொட்டிக்கு வலது பக்கமாக சிக்னல் பளிச்சென்று தெரியும். அதிகாரிகள் மூன்று பேரும் அவர் பின்னாலேயே அந்தப் பாதையில் நடந்துவந்து பார்த்தார்கள். தெரிந்தது. எழுதிக்கொண்டார்கள். ஒரு எஞ்சினில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பூட்ஸில் தூசு படுகிறது என்ற கவலைதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அத்தானை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதமே சிக்னலை அறுத்தெடுத்துத் தண்டவாளத்தின் மறுபக்கத்தில் நட்டார்கள். ஏன் நட்டார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை.

அக்கா அதற்கப்புறம் தம்பியோடு பேசவில்லை. ஆறு வருஷம். மருத்துவமனைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்து வீட்டை நடத்தினாள். அத்தான் மனு எழுதினார். மேலே, அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று இருபத்தேழு மனு. ஒவ்வொன்றிலும் யார்டின் படம் ஒன்றைக் கையால் வரைந்து வைத்திருப்பார். நகல்களை அக்கா ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். பதில் வந்தது இரண்டுக்குத்தான், இரண்டிலும் ஒரே வரி. அக்கம்பக்கத்தில் யாராவது அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அக்கா கதவைத் திறந்துகொண்டு சண்டைக்குப் போவாள். “அவரு பொய் சொல்லமாட்டாரு. பாக்கலன்னா பாக்கல!”

அத்தான் படுத்த படுக்கையான பிறகு அக்காவே ஆளனுப்பித் தம்பியை வரச் சொன்னாள். அத்தான் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கோபம் எல்லாம் வற்றிப்போயிருந்தது.

“மச்சான், நீ நடந்து போய்ப் பாத்தே. நான் உக்காந்து பாத்தேன்” என்றார்.

அவ்வளவுதான். நாலு நாளில் போய்விட்டார். கேபின்காரருக்கு அந்த வார்த்தை உடம்புக்குள் ஒரு மரச் சிம்பு ஏறின மாதிரி நின்றுவிட்டது. டிரைவர் உட்காரும் இடது சீட்டுக்கும் வலது ஓரத்து நடைபாதைக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. பத்தடியில் ஒரு சிக்னல் காணாமல் போகுமா? போகுமானால் அத்தானைக் கொன்றது தான் சொன்ன ஒற்றை வார்த்தை. போகாதென்றால் தான் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

அந்த வருஷமே யார்டை மூடப்போவதாக உத்தரவு வந்தது. சிக்னல் ஏற்கெனவே இடம் மாறிவிட்டது, பழைய இடத்தில் அடிக்கட்டை மட்டும் மண்ணில் மிச்சம். லீவு நாளெல்லாம் கேபின்காரர் நூலும் கையுமாக யார்டில் அலைந்தார். வளைவை அளந்தார், மதகை அளந்தார், தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நூலைச் சுற்றி அளந்தார். பார்த்தவர்கள் மனிதருக்குக் கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். அடுத்த வருஷம் தொட்டியை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். இப்போது அங்கே கிடங்குகள் நிற்கின்றன. அந்த யார்டு உலகத்தில் மிச்சம் இருந்தது மூன்று பிஸ்கட் டப்பாக்களில்தான்.

கட்டி முடிக்க இருபத்தாறு வருஷம் ஆயிற்று. வேலைக்குப் போய்க்கொண்டு, மகளைப் படிக்க வைத்துக்கொண்டு, சுவரில் துளை போட மனைவியிடம் கெஞ்சிக்கொண்டு கட்டினார். தண்டவாளத்துக்குப் பித்தளைக் கம்பியை ராவினார். கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சாயம் ஏற்றினார், மூவாயிரத்துச் சொச்சம். நடுவில், அவருக்கு ஐம்பது வயதானபோது, மகள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு பெட்டி வாங்கிவந்தாள். உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஏணியோடு. பார்க்க அச்சு அசல் யார்டுத் தொட்டி மாதிரியே இருந்தது. பெட்டிமேல் எண்பத்தேழு என்று போட்டிருந்தது. அவருக்குத் தெரியாமல் இல்லை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மனைவியிடம், “இப்போதைக்கு இருக்கட்டும். இடம் பிடிச்சு வெக்க ஆகும். சரியானத நான் அப்புறம் செஞ்சு மாத்திடுவேன்” என்றார்.

இந்த வேலையில் ஊறினவர்களுக்கு இது ஒரு வியாதி. இப்போதைக்கு என்று வைத்த பொருளை அப்புறம் தொடவே மாட்டார்கள். மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பாள், எப்படி எடுப்பது? ஒரு வருஷம் கழித்து, சும்மா பளபளவென்று நிற்கிறதே என்று அதற்குத் துரு நிறம் பூசினார். இன்னொரு வருஷம் ஒழுகின தண்ணீர்க் கறையைத் தீட்டினார். சுற்றிப் புல் முளைக்க வைத்தார். பதினாறு வருஷத்தில் அது அங்கேயே பிறந்து வளர்ந்த தொட்டியாகிவிட்டது. எண்பத்தேழு அவர் மண்டையிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால் கண் உறுத்தியிருக்கும். மனிதர்கள்தான் கிடையாதே.

அறுபத்தாறாவது வயதில் யார்டு முடிந்தது. காதுக்குள் பார்ப்பதற்கென்று விற்கிற பட்டாணி அளவு கேமரா ஒன்றை மகள் முன்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைக் காதிலிருந்து விடுவித்து, எஞ்சினின் இடது ஜன்னலில், அத்தானின் கண் இருந்திருக்க வேண்டிய உயரத்தில் பொருத்தினார். வயர் பின்னால் இழுபட, எஞ்சின் ஆமை வேகத்தில் கட்டிலுக்கு மேலே வளைந்தது. கைபேசித் திரையில் தொட்டி வந்தது. தொட்டியின் விளிம்பை ஒட்டி, மதகு வருவதற்கு வெகு முன்னாலேயே, சிக்னலின் சிவப்புக் கை நீட்டிக்கொண்டு தெரிந்தது.

உண்மையைச் சொல்வதென்றால் அவருக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய்விட்டு அழுதார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“தெரியுது. நான் சொன்னது சரிதான்.”

“அண்ணிகிட்ட சொல்லப்போறீங்களா?” என்று கேட்டாள் மனைவி. அவர் ஆமென்று தலையாட்டினார். “வேண்டாங்க. அவங்க பாட்டுக்கு ஒண்ண நம்பிக்கிட்டு இருக்காங்க. அதப் போய் ஏன் புடுங்கணும்?”

மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்துமூன்று வருஷமாக அக்கா தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணில் இருந்ததை அவர் சுமந்து சலித்திருந்தார். அதை இறக்கி வைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. நியாயம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். எழுபத்தொரு வயது, முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தவள் யார்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்தாள்.

“இது அவரோட கொட்டகை... இந்த ஜன்னல் வழியாத்தான் எங்கிட்ட சோத்து டப்பாவ வாங்குவாரு.” விரலை நீட்டினாள், தொடவில்லை. “ஏன் தம்பி, ஒருத்தரையுமே காணோம்?”

“ஆளுங்க வேணாம்னு விட்டுட்டேன்க்கா.”

கைபேசியை அவள் கையில் கொடுத்து, எஞ்சினைக் கிளப்பினார். அவள் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“இந்தச் செவப்பு என்னது?”

“அதான் சிக்னல்.”

“மதகு எங்க?”

“இன்னும் வரலக்கா. இனிமேதான் வரும்.”

எஞ்சின் நின்ற பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னொரு வாட்டி விடு” என்றாள். விட்டார். “இன்னொரு வாட்டி.” மூன்றாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை, எஞ்சினையே பார்த்தாள். அது வளைவில் நகர்ந்து போவதை, யாரோ தெரிந்தவர் தன்னைக் கண்டுகொள்ளாமல் போவதைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அப்ப பாத்திருக்காரு” என்றாள். “பாத்துட்டு வந்து, எங்கிட்டயே பாக்கலன்னு சொல்லியிருக்காரு.”

“அசதியா இருந்திருக்கும்க்கா. கண்ணசந்திருப்பாரு.”

“அதச் சொல்லியிருக்கலாம்ல? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஆறு வருஷம் ஒரே பாயில படுத்திருந்தோம்.”

மனைவி கொண்டுவந்த தேநீர் ஆடை கட்டிப்போயிற்று. புறப்படும்போது அக்கா வாசற்படியில் நின்று திரும்பினாள். “அந்தத் தொட்டிக்காரரு, ஏணியில உக்காந்து சாப்புடுவாரு. அவரையாவது வெச்சிருக்கலாம். பாவம், அன்னிக்குப் போனவருதானே.” அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தம்பி கை கொடுக்கப் போனபோது கொடுக்க விட்டாள். முப்பத்துமூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, “அண்ணி அந்தத் தகரப் பெட்டியக் காலி பண்ணிட்டாங்களாம். மனு, படம் எல்லாத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்க” என்றாள். மனைவி, நான்தான் சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா கேட்டாளே என்று தொட்டிக்காரரைச் செய்ய உட்கார்ந்தார். அந்த ஆள் ஏறக்குறைய தன் உயரம்தான். மனைவியை நூலின் ஒரு முனையைக் குதிகாலில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை உச்சந்தலையில் பிடித்து, ஆறு மடிப்பு மடித்தார். கட்டைவிரலில் பாதி உயரம் வந்தது. கம்பியை வளைத்து, மேலே மெழுகு பூசி, தலையில் துண்டு கட்டி, மடியில் ஒரு டப்பாவை வைத்து, ஏணிப்படியில் உட்கார வைத்தார்.

ஆள் உட்காரவில்லை. தோள் ஏணிக்கு இரண்டு பக்கமும் பிதுங்கியது. கால் ஒரு படியில் நிற்க வேண்டியது இரண்டு படியை அடைத்துக்கொண்டது. ஏணியைப் பிடித்து நிற்க வைத்துப் பார்த்தால், குழந்தைகள் விளையாடும் ஏணியில் பெரிய ஆள் ஏறின மாதிரி இருந்தது. மெழுகு தடித்துவிட்டது என்று நினைத்து அவர் தொட்டிக்காரரின் தோளை அரத்தால் ராவினார். செத்துப்போன மனிதரின் தோளை இரண்டு பக்கமும் ராவிவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் பொருந்தவில்லை. நூலை எடுத்து ஆளை அளந்தார். ஆள் சரி.

அப்போதுதான் அவர் தொட்டியைப் பார்த்தார். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாகப் பார்த்தார். பெட்டிமேல் போட்டிருந்த எண்பத்தேழு ஞாபகம் வந்தது.

இரண்டாவது பிஸ்கட் டப்பாவில், ‘தொட்டி, சுற்றளவு’ என்று சீட்டுக் கட்டிய நூல் இருந்தது. பிரித்தார், கூடத்திலிருந்து வாசல்வரை இழுத்தார், மடித்தார். ஆறாவது மடிப்பில் நிறுத்தினார். அந்த நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டித் தொட்டியைச் சுற்றினார். ஒரு சுற்று முடிந்து நாலு விரற்கடை மிச்சம் நின்றது. நிஜத் தொட்டியில் கால் பங்குக்கு மேல் காணவில்லை. அந்தக் காணாமல்போன பங்கு வழியாகத்தான் அக்காவுக்கு சிக்னலைக் காட்டியிருக்கிறார்.

சரியான தொட்டியைச் செய்யப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பால்பவுடர் டப்பாவை வெட்டி வளைத்தார். பதினாறு வருஷம் தள்ளிப்போட்ட வேலை வெறும் பத்தொன்பது நாள் வேலை. அதை வைத்துவிட்டு எஞ்சினை விட்டார். திரையில் தொட்டி வந்தது, பெரிதாகியது, திரையின் பாதியை அடைத்தது. மதகு கடந்தது. மதகைத் தாண்டி இரண்டடி போன பிறகு, நிஜத்தில் நூற்று இருபத்தெட்டு அடி, தொட்டிக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கை எட்டிப் பார்த்தது. அப்புறம் கேமராவைக் கழற்றி வலது ஓரத்து நடைபாதையில், தான் நடந்துவந்த உயரத்தில் பிடித்தார். அங்கே சிக்னல் பளிச்சென்று தெரிந்தது. விசாரணையில் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு வேலை போய், மானம் போய், உயிர் போயிற்று. இன்னொருவருக்குக் கெட்டிக்காரச் சாட்சி என்று பெயர் கிடைத்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? விசாரித்த மூன்று பேரும் உயிரோடு இல்லை. கோப்பு எப்போதோ அழிந்திருக்கும். அக்கா ஒருத்திதான். ஒரு செருப்புப் பெட்டியில் இரண்டு தொட்டிகளையும், தொட்டிக்காரரையும், நூல் சுருளையும் வைத்து எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினார்.

அக்கா மாடிப் போர்ஷனில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையணை உறைகள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருந்தன. தைத்து முடித்தவற்றை அந்தத் தகரப் பெட்டியில் அடுக்கியிருந்தாள்.

“அக்கா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்.” நின்றுகொண்டே சொல்லிவிட்டார். “அன்னிக்கு உனக்குக் காட்டுன தொட்டி அளவு சின்னது. சரியான அளவுல வெச்சா மறைக்குது. அத்தான் சொன்னதுதான்க்கா நிஜம். அவரு பாக்கல.”

அக்கா மிஷினை நிறுத்தினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உக்காரு” என்றாள். “மனசு கேக்கலையா உனக்கு?”

“அதுக்கில்லக்கா. நிஜமாவே சொல்றேன். பாரு, இந்த நூலு...” மேசைமேல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நூலைப் பற்றிச் சொன்னார், மடிப்பைப் பற்றிச் சொன்னார், தொட்டிக்காரரைச் சின்னத் தொட்டியின் ஏணியில் வைத்துக் காட்டினார், பெரியதில் வைத்துக் காட்டினார். பெரிய தொட்டியின் ஏணியில் தொட்டிக்காரர் மடியில் டப்பாவோடு சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். கேபினில் இருந்த காலம் முழுக்க கேபின்காரர் இவ்வளவு பேசினதில்லை.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். நூலை எடுத்தாள்.

“இத அளந்தது யாரு?”

“நான்தான்க்கா.”

“இந்தப் பெரிய தொட்டி?”

“நான்தான் செஞ்சேன்.”

“இந்த ஆளு?”

“அதுவும்... நீ கேட்டியேன்னு செஞ்சேன்.”

சின்னத் தொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இது?”

“அது கடையில வாங்குனது. பாப்பா வாங்கிக் குடுத்தா.”

“அப்ப இது ஒண்ணுதான் உன் கை செய்யாதது.” அதை மேசைமேல் வைத்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “பொம்மைக்குக் கை ஒடஞ்சப்ப தீக்குச்சியில ஒண்ணு செஞ்சு கொண்டாந்து குடுத்தே, நெனப்பிருக்கா? நான் அழுதா உனக்குப் பொறுக்காது. இப்பவும் செஞ்சு கொண்டாந்திருக்கே. என்ன ஒண்ணு, இந்த வாட்டி தொட்டி.”

“சத்தியமா இல்லக்கா! உனக்காகப் பண்ணலக்கா!”

“விடுடா. எனக்கு இப்பத்தான் கொஞ்சம் ஆறுச்சு. இத்தன வருஷம் ஊரெல்லாம் சண்டை போட்டேன், இனிமே என்னால முடியாது. ஒரு தடவ அவர நம்புனேன். ஒரு தடவ உன்ன நம்புனேன். திரும்பத் திரும்ப நம்புறதுக்கு எனக்கு வயசு இல்ல.”

அத்தான் மனுவில் வரைந்த படமாவது இருந்தால் காட்டலாம்; இருபத்தேழு படங்களில் ஒன்றில்கூடத் தொட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று வரைந்திருக்காமலா இருப்பார்? கண் தானாகத் தகரப் பெட்டியின் பக்கம் போனது. உள்ளே தலையணை உறைகள்தான் இருந்தன.

அக்கா இரண்டு தொட்டிகளையும் தொட்டிக்காரரையும் பழையபடி செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மூடி நிற்கவில்லை. மேசைமேல் கிடந்த அளவு நூலை எடுத்துப் பெட்டியை நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள், தைக்கிறவர்கள் செய்கிற மாதிரி குனிந்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“பஸ்ல நசுங்காம மடியில வெச்சுக்கிட்டுப் போ” என்றாள்.